மல்ச்சிங் ஷீட் முதல் மஞ்சப்பை வரை: நெகிழி கேள்வி பதில்

ஓசூரில் நெகிழித்தாள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்த துறைக்குள் அடங்குபவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாலக்கோடு: தக்காளி அறுவடை முடிந்ததும் மல்ச்சிங் ஷீட்டை (பாத்தியை மூடி விரிக்கும் நெகிழித்தாளை) வரப்பில் போட்டு எரிக்கிறோம். வேறு வழி உண்டா, ஐயா?

முதலில், எரிக்காதீர்கள். ஷீட் குளோரின் இல்லாத பாலிஎத்திலீன் நெகிழிதான் என்றாலும், அந்தக் குவியலில் உடைந்த பிவிசி குழாய்த் துண்டுகளும் சேர்ந்தே எரிகின்றன. குளோரின் கலந்த அந்தப் பொருளைத் திறந்த வெளியில் கொளுத்தும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டயாக்சின்கள் என்னும் கொடிய நச்சுகளும் உண்டாகின்றன.

பழைய இரும்புக்கடைக்காரர் இந்த ஷீட்டை வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் தரம் அன்று, அதில் ஒட்டியிருக்கும் மண்தான். இருபத்தைந்து முப்பது மைக்ரான் தடிமனே உள்ள தாளில், தாளின் எடைக்கு நிகராகவே மண் ஏறிவிடுவதுண்டு. அதைக் கழுவி எடுக்கும் செலவு மறுசுழற்சி ஆலைக்குக் கட்டுபடியாவதில்லை. ஆகவே செடிகளை அடியோடு அறுத்து, சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி எடுத்தபின், மண் ஓரளவு காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, ஓரங்களில் அணைத்த மண்ணைத் தளர்த்தி, பாத்தியின் ஒரு முனையிலிருந்து ஷீட்டை முழுநீளமாக உருவுங்கள். இன்னொரு போகம் இருக்கட்டும் என்று விட்டுவைத்தால், வெயிலில் இற்றுப்போன ஷீட் கையோடு கிழிந்து வரும். ஏர் ஓட்டும்போது மீதி பொடியாகி மண்ணோடு கலந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது. விலை கூடினாலும் தடிமனான ஷீட்டையே வாங்கச் சொல்வேன், ஏனெனில் அதுதான் முழுதாகத் திரும்பி வரும்.

காவேரிப்பட்டணம்: 'மக்கும் கவர்' என்று கடைக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கலாமா?

அந்தப் பெயரில் இரண்டு விதமான சரக்கு வருகிறது. ஒன்று, சாதாரண பாலிஎத்திலீனில் உலோக உப்புகளைச் சேர்த்து விரைவில் நொறுங்கும்படி செய்தது. அது மக்குவதில்லை, துகளாகிறது. மற்றொன்று உண்மையிலேயே மக்கக்கூடியது. ஆனால் இந்தியத் தரநிலை ஐஎஸ் 17088 சோதனையில் அது மக்குவது ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பராமரிக்கப்படும் உரக்குவியலில். ஊர் ஓரத்துக் குப்பைமேட்டிலும் சாக்கடையிலும் அந்தச் சூடு ஏது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒகேனக்கல்: எண்ணெய்க் குளியலுக்கு வருபவர்கள் வீசும் ஷாம்பு பாக்கெட்டுகள் மக்குமா?

மக்கா. வேறு வேறு நெகிழி அடுக்குகளை ஒட்டிச் செய்த உறை அது. பிரித்தெடுக்க வழியில்லாததால் வாங்குவாரும் இல்லை. ஆற்றில் விழும் நெகிழிகளில் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டும் நீரைவிட லேசானவை, மிதந்து மேட்டூர் வரை போகும். தண்ணீர்ப் புட்டி செய்யும் பெட் (PET) என்ற நெகிழி நீரைவிடக் கனமானது. அதனால்தான் மூடி கழன்ற தண்ணீர்ப் புட்டி ஆற்றடியில் தங்க, அதன் மூடி மட்டும் மிதந்து போகிறது.

போச்சம்பள்ளி: துணிப்பையை ஏழாயிரம் முறை பயன்படுத்தினால்தான் நெகிழிப்பைக்கு ஈடாகும் என்கிறார்களே. சந்தைக்கு மஞ்சப்பை கொண்டுபோவது வீண்தானா?

2018-இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில் 7,100 என்ற எண் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது எல்லா அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்து, அவற்றுள் மிக மோசமானதான ஓசோன் படலச் சிதைவை வைத்துச் சொன்ன எண். பருவநிலையை மட்டும் பார்த்தால் அதே ஆய்வு பருத்திப் பைக்குச் சொல்வது 52 முறை. வாரச்சந்தைக்கு ஓராண்டு கொண்டுபோனால் தீர்ந்தது கணக்கு.

அரூர்: இதை நான் ஏற்கவில்லை. பருத்திக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பூச்சிமருந்து! உங்கள் துறையை விட்டுக்கொடுத்து அரசு சொல்வதற்குத் தலையாட்டுகிறீர்கள்.

பருத்தியின் சுமையை நான் மறுக்கவில்லை. விழாதோறும் ஒரு துணிப்பை இலவசமாக வாங்கிப் பரணில் போடுபவர், நெகிழிப்பை வாங்குபவரைவிட அதிகச் சேதம் செய்கிறார் என்றே சொல்வேன். ஆனால் அந்த ஆய்வு, டென்மார்க்கில் பைகள் தெருவில் வீசப்படுவது மிகக் குறைவு என்பதால், அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அங்கே குப்பைக்குப் போகும் பை ஆலையில் எரிந்து மின்சாரமும் வெப்பமுமாகிறது. போச்சம்பள்ளிச் சந்தை கலைந்தபின், காய்கறிக் கழிவோடு கட்டி எறிந்த பையை மாடு அப்படியே விழுங்கி, அது இரைப்பையில் பந்தாகத் திரண்டு நிற்பதை அந்த 7,100 எந்த இடத்தில் எண்ணுகிறது? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நெகிழிப்பை எந்தத் தடிமனில் இருந்தாலும் தடைதான். நான் சம்பளம் வாங்கிய துறை அது என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல இயலாது.

ஊத்தங்கரை: துணி போலவே இருக்கும் கலர் கலரான பைகள்?

அது துணி அன்று, பாலிபுரொப்பிலீன் நெகிழி. தடைப்பட்டியலில் அதுவும் உண்டு.

பர்கூர்: மாம்பழச் சாற்றுக்குக் கண்ணாடி, பெட், அட்டைப்பெட்டி, எது நல்லது?

திரும்ப வந்து கழுவி நிரப்பப்படும் கண்ணாடி நல்லது. ஒருமுறை குடித்து எறியும் கண்ணாடி, உருக்கும் வெப்பத்தையும் லாரியில் ஏற்றும் எடையையும் கணக்கிட்டால் மூன்றிலும் மோசம். பெட் புட்டிக்குப் பழைய சாமான் சந்தையில் விலை உண்டு, அதனால் பொறுக்கப்படுகிறது. அட்டைப்பெட்டியில் முக்கால் பங்கு காகிதம், மீதி பாலிஎத்திலீனும் அலுமினியமும். தனி ஆலைக்குப் போனால்தான் பயன்.

தருமபுரி: மக்கும் பை வாங்கலாமா, ஐயா?

காவேரிப்பட்டணத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பென்னாகரம்: சோளமாவுப் பை மக்கும்தானே?

மீண்டும் அதேதான். மாவு என்ற பெயருக்கு மயங்காதீர்கள், 58 பாகை.

காரிமங்கலம்: சூடான சாம்பாரைக் கவரில் கட்டினால் புற்றுநோய் வருமா?

நோய் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உணவகத்துக்குத் தூக்குப் பாத்திரம் கொண்டுபோக மருத்துவர் தேவையில்லை.

தேன்கனிக்கோட்டை: பால் கவரைச் சேர்த்துவைத்தால் யாராவது வாங்குவார்களா? குப்பையோடு எரித்துவிடலாமா?

மறுபடியும் சொல்கிறேன், எரிக்காதீர்கள். பால் கவர் நல்ல பாலிஎத்திலீன், எடைக்கு வாங்குகிறார்கள். வெட்டும்போது மூலையைத் துண்டித்துவிடாமல் ஒட்டியபடியே விடுங்கள், அந்தச் சிறு துண்டுதான் சாக்கடைக்குப் போகிறது. அலசிக் கொடியில் கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரத்தோடு கொடுத்தால் கடைக்காரர் எடையில் கழித்துக்கொள்வார்.