விளக்கெண்ணெய் வேறு, விளக்கு எண்ணெய் வேறு

கேள்வி: என் மாமியாரின் அம்மா 1950-களில் அம்பாசமுத்திரத்தில் எழுதிய சமையல் நோட்டு கைக்கு வந்திருக்கிறது. வெட்டு மாங்காய் ஊறுகாய்க்கு ‘மாங்காய்த் துண்டு இரண்டு நாழி, உப்பு ஒரு உழக்கு, மிளகாய்த்தூள் ஒரு உழக்கு, எண்ணெய் இரண்டு உழக்கு’ என்று இருக்கிறது. எந்த எண்ணெய் என்று இல்லை. போன வருடம் கடலெண்ணெய் ஊற்றினேன். மூன்றாம் மாதமே சிக்கு வாடை. மாவடுவுக்கு ‘விளக்கெண்ணெய் ஒரு கரண்டி’ என்று எழுதியிருக்கிறார். கடையில் கேட்டால் ‘தீப எண்ணெய்’ என்று போட்ட பாட்டிலைக் கொடுத்து, “ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்கிறார்கள். வாங்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: அந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் பூஜை அறையில் வையுங்கள். சமையலறைப் பக்கம் வரவே வேண்டாம். ஊறுகாய்க்கு உங்கள் நோட்டு சொல்வது நல்லெண்ணெயை. மாவடுவுக்குச் சொல்வது ஆமணக்கு எண்ணெயை. விடை அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று தெரியாவிட்டால் அடுத்த கடையிலும் இதே கதைதான் நடக்கும்.

எள் + நெய் = எண்ணெய். வெள் + நெய் வெண்ணெய் ஆன அதே கணக்கு. பழந்தமிழில் ‘நெய்’ என்றால் பிசுபிசுப்பும் வழவழப்பும் உள்ள எதுவும். உருக்கின நெய்யும் நெய், எள்ளில் ஆட்டியதும் நெய், சங்கப் பாட்டில் தேனுக்குக்கூட அந்தப் பெயர் உண்டு. இரத்தத்துக்கு ‘நெய்த்தோர்’ என்று பெயர். எள்ளிலிருந்து வந்த நெய்யைப் பிரித்துச் சொல்லத்தான் ‘எண்ணெய்’ பிறந்தது. ஆகவே ‘எண்ணெய்’ என்று வெறுமனே சொன்னாலே ஒரு காலத்தில் எள்ளின் எண்ணெய்தான். “எள் என்றால் எண்ணெயாக நிற்பான்” என்று சுறுசுறுப்பானவனைச் சொல்கிறோமே, அந்தப் பழமொழிக்குள் இந்தப் பழைய பொருள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு சொல் அகன்றது. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பை எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலை 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு பக்கம் பெருவாரியாகப் பயிரான பிறகு கடலெண்ணெயும் சேர்ந்தது. கெரசின் வந்ததும் மண்ணெண்ணெய். அதற்கும் எள்ளுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. சொல்லுக்குள் இருந்த எள் செத்துப்போனதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அப்போது எள்ளின் எண்ணெய்க்கே தனிப் பெயர் தேவைப்பட்டது: நல்லெண்ணெய். மிளகாய் வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்ட பிறகு தென்கோடியில் பழைய மிளகு ‘நல்லமிளகு’ ஆனதே, அதே போலத்தான். தெலுங்கிலும் ‘நுவ்வு’ என்ற எள்ளிலிருந்து வந்த ‘நூனெ’ எல்லா எண்ணெய்க்கும் பொதுவாகி, எள்ளெண்ணெய் ‘மஞ்சி நூனெ’, அதாவது நல்ல எண்ணெய், ஆனது. வடக்கே ‘திலம்’ என்ற எள்ளிலிருந்து ‘தைலம்’, அதிலிருந்து ‘தேல்’. அங்கே இன்று கடுகு எண்ணெயும் தேல்தான்.

இனி உங்கள் நோட்டு. பழைய குறிப்புகளில் ‘எண்ணெய்’ எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். நோட்டு முழுவதும் புரட்டி, ‘நல்லெண்ணெய்’ என்ற சொல் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால், எழுதியவர் எள்ளெண்ணெயைத் தனியாகக் குறிக்கிறார். வெறும் ‘எண்ணெய்’ அவர் வீட்டில் வேறு ஏதோ ஒன்று, அநேகமாகக் கடலெண்ணெய். வராமல், ‘தேங்காயெண்ணெய்’, ‘விளக்கெண்ணெய்’ என்று மற்றவற்றுக்கு மட்டும் அடைமொழி இருந்தால், அடைமொழி இல்லாதது நல்லெண்ணெய். நீங்கள் அனுப்பியிருக்கும் பக்கங்களில் இரண்டாவது வகைதான் தெரிகிறது. 1980-களுக்குப் பிறகு எழுதிய நோட்டுகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. அவற்றில் பொரிக்கிற இடத்தில் ‘எண்ணெய்’ என்றால் பெரும்பாலும் ரீஃபைண்ட்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. நாகர்கோவில் பக்கமும் அதைத் தாண்டியும் பல வீடுகளில் வெறும் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். மலையாளத்தில் அதன் பெயரே ‘வெளிச்செண்ண’: வெளிச்சத்துக்கான எண்ணெய். அதாவது பொருளைப் பார்த்தால் நம் ‘விளக்கெண்ணெய்’ என்ற சொல்லேதான்; ஆனால் அங்கே தேங்காய், இங்கே ஆமணக்கு. கல்யாணமாகி அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எழுதிய நோட்டில் ‘வெளிச்செண்ணெய்’ என்று இருந்து, படிக்கிறவர் அதை ‘விளக்கெண்ணெய்’ என்று திருத்திப் படித்தால், பொரியலில் ஆமணக்கு விழும். மறுநாள் வீட்டில் யாரும் வேலைக்குப் போகமுடியாது. ஆனால் இந்த விதிவிலக்குக்குள்ளும் ஒரு விலக்கு: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஜாடியில் வெள்ளைக் கட்டியாக நிற்கிற ஊறுகாயை யாரும் விரும்பமாட்டார்கள். ஆகவே மற்ற சமையல் முழுவதும் தேங்காய் எண்ணெயில் செய்கிற வீட்டிலும், மாதக்கணக்கில் வைக்கிற எண்ணெய் ஊறுகாய்க்கு நல்லெண்ணெயே பொருத்தம். உங்கள் நோட்டு எந்தக் கரையைச் சேர்ந்ததாக இருந்தாலும், இந்த ஊறுகாய்க் குறிப்புக்கு விடை மாறாது.

ஏன் நல்லெண்ணெய்? அதில் இயற்கையாகவே செசமின், செசமோலின் போன்ற பொருள்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து உண்டாகும் செசமால் எண்ணெயைக் காற்று கெடுக்காமல் தடுக்கிறது. காறல் என்பது எண்ணெயும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. கடலெண்ணெயில் இந்தக் காவல் இவ்வளவு கிடையாது. அதற்காகக் கடலெண்ணெய் மீது மட்டும் பழி போடாதீர்கள். திறந்து இரண்டு மாதம் ஆன பாட்டில், வெயில் படுகிற அலமாரி, எண்ணெய்க்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த துண்டுகள், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நல்லெண்ணெயே சிக்கு பிடிக்கும்.

அளவைப் பற்றிப் பயம் வேண்டாம். இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஆகவே இரண்டு நாழி என்றால் எட்டு உழக்கு. நாழியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். மில்லிலிட்டரில் மாற்ற முயன்றால் குழப்பம்தான். ஒரே டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள்: துண்டு எட்டு, உப்பு ஒன்று, தூள் ஒன்று, எண்ணெய் இரண்டு. உப்பு என்றால் கல்லுப்பை வெயிலில் காயவைத்துப் பொடித்தது. எண்ணெயைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக ஊற்றினால் ஜாடி மூடியில் வியர்க்கும், அந்தத் துளி விழுந்த இடத்தில் பூஞ்சை வரும். மூன்றாம் நாள் கிளறிப் பாருங்கள். துண்டு எண்ணெயைக் குடித்து மட்டம் இறங்கியிருக்கும். துண்டுகளுக்கு மேல் ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கும்படி, காய்ச்சி ஆறவைத்ததையே மேலும் ஊற்றுங்கள்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். பொறுமை போவது இங்கேதான்.

பாக்கெட்டின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் என்ன தமிழ் இருந்தாலும் அதை நம்பவேண்டாம். உணவுப் பொட்டலத்தில் கட்டாயமான விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்கவேண்டும். மற்ற மொழிகள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே தமிழ் தெரிந்தவர், தமிழ்ப் பெயருள்ள பண்டத்தைத் தமிழ்நாட்டில் வாங்க, பின்பக்கம் எறும்பு சைஸ் ஆங்கிலத்தைப் படித்தாக வேண்டும். என்ன ஏற்பாடோ! அங்கே ‘ஜிஞ்செலி ஆயில்’ அல்லது ‘செசமி ஆயில்’ என்று மட்டும் இருந்தால் வாங்கலாம். (ஜிஞ்செலி என்பது ஆங்கிலமே அல்ல, அரபியில் கிளம்பி, போர்த்துக்கீசியரின் ‘ஜெர்ஜெலிம்’ வழியாக நம் கடைக்கு வந்தது.) ‘மல்ட்டி-சோர்ஸ் எடிபிள் ஆயில்’ (முன்பு ‘பிளெண்டட் எடிபிள் வெஜிடபிள் ஆயில்’) என்று இருந்தால் அது கலவை. கலப்பது சட்டப்படி குற்றமில்லை. இரண்டு எண்ணெய்களைக் கலக்கலாம், ஒவ்வொன்றும் குறைந்தது 20 சதவீதம் இருக்கவேண்டும். அதாவது 20 பங்கு எள்ளும் 80 பங்கு மலிவான எண்ணெயும் சேர்ந்து, முன்பக்கம் எள்ளுச் செடிப் படத்தோடு அலமாரியில் நிற்க வழியிருக்கிறது. “எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?” என்று கேட்டவர்கள் நம் முன்னோர்கள்.

‘செக்கில் ஆட்டியது’ என்று கேனில் கொண்டுவந்து விற்பவரிடம் கணக்குக் கேளுங்கள். செக்கில் ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும். ஆட்டும்போது போடுகிற கருப்பட்டியும் ஆட்டுக்கூலியும் தனி. பிண்ணாக்கு விற்று கொஞ்சம் திரும்பும். அன்றைய எள் விலையை இரண்டரையால் பெருக்குங்கள். அதைவிட வெகுவாகக் குறைத்து விற்கிறார் என்றால், குறைகிற காசுக்கு வேறு எதையோ ஊற்றியிருக்கிறார். இன்னொன்று, ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம்தான். லிட்டர் விலையையும் கிலோ விலையையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

வீட்டுச் சோதனைகள்? ஃப்ரிட்ஜில் வைத்துச் சில மணி நேரத்தில் வெள்ளையாகக் கட்டினால் பாமாயில் இருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். கட்டாவிட்டால் சுத்தம் என்று ஆகிவிடாது. தவிட்டெண்ணெய் கலந்தால் இதில் தெரியாது. அமிலம் ஊற்றிச் சிவப்பாக்கிக் காட்டினால் மயங்கவேண்டாம். அது பௌடவின் சோதனை. எள்ளெண்ணெய் கொஞ்சம் இருந்தாலே சிவக்கும். வனஸ்பதியில் 5 சதவீதம் எள்ளெண்ணெய் சேர்க்கவேண்டும் என்று விதி வைத்ததே இதற்காகத்தான்: பசு நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுக்கும். 5 சதவீதத்துக்கே சிவக்கிற சோதனை, மீதி 95 என்ன என்று எப்படிச் சொல்லும்?

ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்தான். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க உரிமை தருகிறது. ஒரு நிபந்தனை: ‘இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்’ என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிடவேண்டும். சொன்ன பிறகு அவர் எந்த டின்னிலிருந்து ஊற்றுவார் என்று நான் எழுதத் தேவையில்லை.

கடைசியாக அந்த விளக்கெண்ணெய். கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால் விளக்குக்கு எரிந்தது பெரும்பாலும் நெய்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், நாள்தோறும் ஒரு உழக்கு நெய். உங்கள் நோட்டில் இருக்கிற அதே உழக்கு. வீடுகளில் எரிந்தது ஆமணக்கு எண்ணெய். மெல்ல எரியும், மலிவு, ஆகவே அதற்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. விளக்கு போனது, பெயர் போகவில்லை. சேர்த்து எழுதினால் ‘விளக்கெண்ணெய்’, அது ஆமணக்கு. பிரித்து ‘விளக்கு எண்ணெய்’ என்றோ ‘தீப எண்ணெய்’ என்றோ எழுதினால், எரிகிற எதுவும் அதில் இருக்கலாம்: பாமாயில், தவிட்டெண்ணெய், மினரல் ஆயில், நிறம், வாசனை. ‘விளக்கேற்ற மட்டும்’ என்று ஒரு மூலையில் அச்சடித்துவிட்டால் விற்பவர் பொறுப்பு முடிந்தது. அந்த ஒரு இடைவெளியில்தான் “ரெண்டும் ஒண்ணுதாம்மா” பிழைக்கிறது. உணவு எண்ணெய் என்றால் பாட்டிலில் 14 இலக்க உரிம எண் இருக்கும். அது இல்லாததை வாயில் வைக்காதீர்கள். அந்த எண்ணோடு வருகிற, செக்கில் ஆட்டிய ஆமணக்கு எண்ணெய் சரி; எண் இல்லாவிட்டாலும், உள்ளுக்குச் சாப்பிடுவதற்கென்று மருந்துக்கடையில் கிடைப்பதும் சரி.

அளவு, ஒரு கிலோ வடுவுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். நோட்டில் உள்ள ‘ஒரு கரண்டி’யைக் குழிக்கரண்டி என்று எடுத்துக்கொண்டால் மாவடு பேதி மருந்தாகிவிடும். காம்பைச் சிறிது விட்டு நறுக்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, வடு ஒவ்வொன்றும் மினுங்கும்படி எண்ணெயைக் கையால் பிசறிய பிறகே கல்லுப்பைப் போடுங்கள். கிலோவுக்கு 200 கிராமுக்குக் குறையவேண்டாம். நாளுக்கு இரண்டு முறை குலுக்கிவிடுங்கள். தண்ணீர் விட்டு, தோல் சுருங்க ஆரம்பித்த பிறகு கடுகுப்பொடியும் மிளகாய்த்தூளும் சேர்க்கலாம்.