ரோகிணிக்குப் பக்கத்தில் துடிக்கும் விண்மீன்

கேள்வி: அருகிலுள்ள விண்மீன் கூட்டம் ஒன்றில் துடிக்கும் விண்மீனை வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

விண்மீனைப் பார்த்திருக்கிறேன், அது விரிந்து சுருங்கி ஒளி கூடிக் குறையும் துடிப்பைப் பார்த்ததில்லை. அதைக் காண மனிதக் கண்ணுக்கு வலுவில்லை.

திருகோணமலையில் மாரி ஓய்ந்து வானம் வெளிப்பது தை மாதக் கடைசியில்தான். அப்போது இரவு ஏழு மணியளவில் உப்புவெளிக் கடற்கரையில் அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குச் சற்று வடக்கே ரோகிணி செம்மஞ்சளாக நிற்கும். அதையொட்டிக் கவட்டை போல விரிந்திருப்பது ஹயாடெஸ் கூட்டம். பழந்தமிழில் இதற்குச் சகடம் என்று பெயர். ரோகிணி இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அது 65 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது; கூட்டமோ ஏறத்தாழ 150 ஒளியாண்டுக்கு அப்பால்.

ரோகிணியிலிருந்து கவட்டையின் முனையை நோக்கிப் பாதி வழி வந்தால் நெருங்கிய சோடி ஒன்று தெரியும். அதில் பிரகாசமானதுதான் நான் சொல்லும் துடிக்கும் விண்மீன், தீட்டா 2 டௌரி. அதன் முதன்மைத் துடிப்புக்கு ஒரு மணி 49 நிமிடம் ஆகிறது. ஒளியோ நூற்றில் சில பங்குதான் கூடிக் குறைகிறது. உள்ளே இருக்கும் ஹீலியம் படலம் அமுங்கிச் சூடேறும்போது இலத்திரன்களை இழந்து வெப்பத்தை மறித்துக்கொள்கிறது. தேங்கிய வெப்பம் படலத்தை வெளியே தள்ளுகிறது. விரிந்து குளிர்ந்ததும் வெப்பம் கசிந்துவிட, படலம் மீண்டும் அமுங்குகிறது. உலைமூடி எழும்பி விழுவதைப் போலத்தான்.

தனியாகத் துடிக்கும் விண்மீன்கள் எத்தனையோ உண்டு. ஆனால் கூட்டத்தில் இருப்பதற்கு ஒரு தனிப் பெறுமதி இருக்கிறது. கூட்டத்தில் அதனுடன் ஒரே காலத்தில் பிறந்த விண்மீன்களை வைத்து அதன் வயதை, ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று, கணித்துவிடலாம், தொலைவும் தெரியும். போதாதற்கு, இன்னொரு விண்மீன் சுமார் 141 நாளில் அதனுடன் சுற்றிவருவதால் நிறையும் கிடைக்கிறது. இவ்வளவும் கையில் இருக்க, எஞ்சிய துடிப்பு அதன் உள்ளறைகளைப் பற்றிப் பேசுகிறது. ஒரே சமயத்தில் பல துடிப்புகள் அதில் கலந்திருக்கின்றன.

சென்ற மாசியில் என் பெறாமகளுக்கு அந்தச் சோடியைக் காட்டினேன். எனக்கு ஒன்றாக மங்கித் தெரிந்ததை அவள் உடனே இரண்டாகப் பிரித்துச் சொன்னாள். துடிப்பதைப் பார்த்தே தீருவேன் என்று பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். தெரியாது என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் இருந்தோம். ஒரு முழுத் துடிப்பு எங்கள் தலைக்குமேல் நிகழ்ந்து முடிந்திருந்தது.