ஆமெலும் அனெரியும் இணைந்தால் குஞ்சுகள் ஏன் சாதாரண நிறம்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் நான் இரண்டு கார்ன் ஸ்நேக்குகளை வளர்க்கிறேன். ஆண், கறுப்பே இல்லாத செந்நிற ஆமெல். பெண், சிவப்பே இல்லாத சாம்பல்நிற அனெரி. இவற்றுக்குப் பிறந்த 14 குஞ்சுகளும் காட்டுப் பாம்பின் சாதாரண நிறத்திலேயே இருக்கின்றன. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? வெளிர்நிற ஸ்நோ குஞ்சு இனிக் கிடைக்குமா?

பதில்: விற்றவர்மீது சந்தேகப்பட இதில் ஒன்றுமில்லை, இந்த இணைக்கு இப்படித்தான் பிறக்க வேண்டும். ஆமெலில் ஓசிஏ2 என்ற மரபணு பழுதுபட்டிருப்பதால் கறுப்பு நிறமி உருவாவதில்லை. அனெரியில் சிவப்பு நிறமி இல்லாததற்குக் காரணம் வேறொரு மரபணு. இரண்டுமே ஒடுங்கு பண்புகள் என்பதால், தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் மட்டுமே வெளியே தெரியும். உங்கள் குஞ்சுகளுக்கோ கறுப்புக்கான நல்ல பிரதி தாயிடமிருந்தும், சிவப்புக்கான நல்ல பிரதி தந்தையிடமிருந்தும் கிடைத்துவிட்டன. 1953இல் வட கரோலினாவில் பிடிபட்ட ஆமெல் பாம்பைச் சாதாரணப் பாம்புடன் இணைத்தபோதும் முதல் தலைமுறையில் அந்த நிறம் வரவில்லை. அடுத்த தலைமுறையில்தான் வெளிப்பட்டது.

ஆகவே, பார்வைக்குச் சாதாரணமான இந்த 14 குஞ்சுகளும் இரு பண்புகளையும் மறைவாகச் சுமக்கும் 'டபுள் ஹெட்' பாம்புகள். விற்பதானால் அதைச் சொல்லியே விற்கலாம். ஆமெல், அனெரி இரண்டும் ஒரே பாம்பில் சேர்ந்து வெளிப்படுவதுதான் ஸ்நோ. உடன்பிறப்புகளையே இணைத்தால் ஒவ்வொரு முட்டையிலும் ஸ்நோ பிறக்கும் வாய்ப்பு 16இல் 1 மட்டுமே. 14 முட்டைகள் பொரித்தாலும் ஒரு ஸ்நோகூட இல்லாமல் போக ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு உண்டு. பலர் கணக்கைத் தாளில் போட்டுவிட்டு, 16 முட்டைக்கு ஒன்று நிச்சயம் என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

என் பரிந்துரை, இரத்த உறவில்லாத ஒரு ஸ்நோவை வாங்கி, உங்கள் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்தபின் அதனுடன் இணைப்பது. அப்போது வாய்ப்பு நான்கில் ஒன்றாக உயரும், உள்ளினச்சேர்க்கையும் தவிரும். பெண் பாம்புக்குச் சுமார் மூன்று வயதும் 300 கிராம் எடையும் ஆகும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் அபாயம் கூடும்.

ஸ்நோ பொரித்தால் இளஞ்சிவப்பு சாயலுடன் வெளிறி, சிவந்த கண்களோடு இருக்கும். பலமுறை சட்டை உரித்து வளர்ந்தபின் தாடையிலும் கழுத்தோரத்திலும் மஞ்சள் படர்வதைக் கண்டு கலப்பு என்று எண்ண வேண்டாம். அது இரையிலிருந்து சேரும் கரோட்டினாய்டு நிறமி, அனெரியிலும் அதைக் காணலாம்.