கும்பேசுவரருக்கு நீராட்டு ஏன் இல்லை?

கேள்வி: கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் மூலவருக்குப் பாலோ நீரோ ஊற்றுவதில்லை என்றார்கள். காரணம் என்ன? (வாசகி, திருச்சி)

பதில்: பிரளய காலத்தில் படைப்பின் வித்துகளையும் அமுதத்தையும் ஒரு குடத்திலிட்டுப் பிரமன் மிதக்கவிட, அது தங்கிய இடத்தில் வேடனாக வந்த சிவபெருமான் அம்பெய்து உடைத்தார் என்றும், சிந்திய அமுதத்தோடு மணலைப் பிசைந்து தம் கையாலேயே இலிங்கம் அமைத்து அதில் உறைந்தார் என்றும் தலபுராணம் கூறுகிறது. மணல் திருமேனி நீர்பட்டால் கரையுமல்லவா? ஆகவே புனுகு மட்டும் சாத்துகிறார்கள். விளக்கொளியில் அடி பருத்து மேலே குறுகிய அந்தத் திருமேனியைக் கண்டால் குடத்தின் நினைவு தானாக வரும். புனுகின் மணம் வெளியே வந்த பிறகும் நெஞ்சில் நிற்கும்.

அடுத்த முறை செல்லும்போது, பெருமான் நின்று அம்பெய்ததாகச் சொல்லப்படும் பாணபுரீசுவரர் கோயிலையும், குடத்தைச் சுற்றியிருந்த பூணூல் விழுந்த இடமாகிய கௌதமேசுவரர் கோயிலையும் அவசியம் தரிசியுங்கள். புராணத்தை ஊரின் தெருக்களிலேயே நடந்து படிக்கும் பேறு வேறெங்கும் எளிதில் வாய்க்காது. அமுதம் தேங்கியதாகக் கருதப்படும் மகாமகக் குளத்தில் 2016இல் பெருவிழா நடந்தது; அடுத்தது 2028இல் வருகிறது.