பில் வால்டன் பத்தி கேளுங்க: பேச்சே வராத சென்டர், வாய் ஓயாத கமென்டேட்டர் ஆன கதை

போன தடவ ஜோன் டிஃபென்ஸ் பத்தி கேட்டீங்க, இந்த தடவ அமெரிக்க பாஸ்கெட் பால் சென்டர் (ரிங்குக்கு பக்கத்துல நின்னு ஆடற உயரமான ஆளு) பில் வால்டன்னு முடிவாச்சு. புதுச்சேரியில இருந்தும் கடலூர் பக்கமிருந்தும் கேள்வி வந்து குவிஞ்சிருக்கு, பேரு போட வேணாம்னு பாதி பேரு சொன்னதால எல்லாருக்கும் ஊர் பேர மட்டும் போட்டுட்டு வந்த வரிசையிலயே பதில் சொல்றேன். ஒரே மாதிரி இருந்த கேள்விய சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி (முத்தியால்பேட்டை): மாஸ்டர், ரீல்ஸ்ல கலர் கலரா சட்டை போட்டுக்கிட்டு, மேட்ச விட்டுட்டு மலை, மரம், பாட்டுக் கச்சேரின்னு பேசிட்டே போற பெரியவரு ஒருத்தர் வர்றாரே, அவரு நெசமாவே பாஸ்கெட் பால் ஆடுனவரா?

பதில்: ஆடுனவராவா! 1977ல போர்ட்லேண்ட் டிரெயில் பிளேசர்ஸுக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தவருப்பா, அந்த டீமுக்கு இன்னிக்கு வரைக்கும் அது ஒண்ணுதான். அந்த ஃபைனல்ஸ்ல எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்), அடுத்த வருஷம் அமெரிக்காவோட பெரிய லீகான மொத்த என்.பி.ஏ.வுக்கே எம்.வி.பி. அப்புறம் 1986ல போஸ்டன் செல்டிக்ஸ்ல பெஞ்ச்ல இருந்து எறங்கி ஆடி இன்னொரு சாம்பியன்ஷிப், கூடவே பெஞ்ச்ல இருந்து எறங்கறவங்கள்ல சிறந்தவருக்கு குடுக்கற சிக்ஸ்த் மேன் அவார்டு. 1993ல ஹால் ஆஃப் ஃபேம். பொறந்தது 1952 நவம்பர் 5, கலிபோர்னியாவுல சான் டியாகோவ ஒட்டி இருக்கற லா மேசா. 2024 மே 27ல கேன்சர்ல போயிட்டாரு, 71 வயசு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா 1974ல டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது ஆட்டக்காரங்கள வரிசையா தேர்ந்தெடுக்கறதுல, மொத ஆளா எடுத்து 1987 வரைக்கும் களத்துல இருந்தவரு, மொத்தமா ஆடுன ரெகுலர் சீசன் மேட்ச் வெறும் 468. சீசனுக்கு 82ன்னு வெச்சா ஆறு சீசன் கூட முழுசா தேறாது. மிச்ச காலம் பூரா ஆஸ்பத்திரியும் கட்டும்தான்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): காலேஜ்ல இவரு டீம் தோக்கவே இல்லன்னு சொல்றாங்களே, அது பில்டப்பா?

பதில்: பில்டப் இல்ல தம்பி. யு.சி.எல்.ஏ.ங்கற கலிபோர்னியா யுனிவர்சிட்டில ஜான் வுடன் கோச். 1972லயும் 1973லயும் 30க்கு 30 ஜெயிச்சு ரெண்டு தடவயும் தேசிய சாம்பியன். இவரு வர்றதுக்கு முந்தியே ஆரம்பிச்ச வெற்றித் தொடர் 88 மேட்ச் வரைக்கும் போச்சு, 1974 ஜனவரி 19ல நோட்டர் டேம் கிட்ட 71-70ன்னு ஒரே பாயின்ட்ல அறுந்துச்சு.

1973 ஃபைனல பத்தி தனியா சொல்லியே ஆகணும். மெம்ஃபிஸ் ஸ்டேட்டுக்கு எதிரா 22 ஷாட் எடுத்து 21 உள்ள போட்டாரு, 44 பாயின்ட். அந்த காலத்துல அமெரிக்க காலேஜ் மேட்ச்ல டங்க் (எகிறி பந்த ரிங்குக்குள்ள கையாலயே அமுக்கறது) அடிக்கவே கூடாது, 1967ல இருந்து 1976 வரைக்கும் தடை. அதனால கிரெக் லீங்கற கார்டு (பந்த கொண்டு வந்து பாஸ் குடுக்கற ஆளு) ரிங்குக்கு மேல தூக்கிப் போட்டுட்டே இருப்பாரு, இவரு எகிறி காத்துலயே புடிச்சு ரிங்க தொடாம மெதுவா உள்ள எறக்குவாரு. அந்த மேட்ச்ல லீ 14 அசிஸ்ட், அதாவது நேரா கூடையில முடிஞ்ச பாஸ். ஷாட் போட்டவன பத்தி எல்லாரும் பேசுவாங்க, பாஸ் குடுத்தவன எவன் பேசறான்.

கேள்வி (லாஸ்பேட்டை, ஸ்கூல் டீம் கோச்): என் டீம்ல நல்லா ஆடற பையன் ஒருத்தன் முடிய வெட்டவே மாட்டேங்கறான் சார். வால்டனும் வுடன் கிட்ட இதே வம்பு பண்ணாராமே?

பதில்: பண்ணாரு. தலைமுடி, தாடி, வியட்நாம் போருக்கு எதிரா போராட்டம், 1972ல அரெஸ்ட் கூட ஆனாரு. ஒரு சீசன் மொத நாள் பிராக்டீஸுக்கு தாடியும் நீட்டு முடியுமா வந்து, இது என் உரிமைன்னு சொல்லியிருக்காரு. வுடன் சத்தமே போடல, உன் கொள்கைய நான் மதிக்கறேன், நீ இல்லாம டீமுக்குத்தான் கஷ்டமா இருக்கும்னு மட்டும் சொன்னாராம். பில்லு சைக்கிள எடுத்துக்கிட்டு பறந்துபோய் வெட்டிட்டு வந்துட்டாரு. ஆனா சார், வுடன் அத சொன்னப்போ அவர் கையில வரிசையா சாம்பியன்ஷிப் இருந்துச்சு. நம்ம சொன்னா பையன் போயிட்டு வரேன் மாஸ்டர்னு கெளம்பிடுவான், பாத்து சொல்லுங்க.

கேள்வி (உப்பளம்): பாஸுக்கு பேர் போன சென்டர் யோகிச் மாதிரி பாஸ் பண்ணுவாருன்னு சொல்றாங்க. கரீம் அப்துல் ஜப்பார விட பெரிய ப்ளேயரா?

பதில்: வாழ்நாள் கணக்குல கரீம்தான், அதுல பேச்சே இல்ல. ஆனா 1977ங்கற ஒரு வருஷத்த மட்டும் எடுத்தா நான் வால்டன் பக்கம். அந்த சீசன்ல ரீபவுண்டுலயும் (உள்ள போகாம வந்த பந்த புடிக்கறது) பிளாக்குலயும் (எதிராளி ஷாட்ட தடுக்கறது) லீக்லயே முதல். பிளே ஆஃப்ல கரீம் இருந்த லேக்கர்ஸ 4-0ன்னு தொடச்சுட்டுதான் ஃபைனலுக்கே போனாங்க. அங்க ஜூலியஸ் எர்விங் இருந்த ஃபிலடெல்ஃபியா கிட்ட மொத ரெண்டு மேட்ச் அவுட், அப்புறம் வரிசையா நாலு ஜெயிச்சாங்க. கடைசி மேட்ச்ல இவரு 20 பாயின்ட், 23 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், 8 பிளாக். இத திரும்ப ஒரு தடவ படிச்சுப் பாருங்க.

நான் பசங்களுக்கு அந்த வீடியோவ போட்டுக் காட்டறது ஸ்கோருக்காக இல்ல, அவுட்லெட் பாஸுக்காக. ரீபவுண்ட் புடிச்சு கால் தரையில படறதுக்குள்ள ஒடம்பு திரும்பியிருக்கும், எறங்கற வேகத்துலயே பந்து பாதி கோர்ட் தாண்டியிருக்கும், எதிராளி திரும்பி ஓட ஆரம்பிக்கறப்ப இங்க லே-அப் முடிஞ்சிருக்கும். நம்ம ஊர் உயரமான பசங்க என்ன பண்றாங்க, கஷ்டப்பட்டு புடிச்ச ரீபவுண்ட கீழ எறக்கி ரெண்டு தட்டு தட்டுவாங்க, குட்டையா ஒரு கார்டு வந்து புடுங்கிட்டு போயிடுவான். எத்தன தடவ கத்தினாலும் தட்டுவானுங்க. தட்டாதீங்கடா!

கேள்வி (நெய்வேலி, பிசியோதெரபி மாணவி): கால்ல அப்படி என்னதான் பிரச்சன சார்?

பதில்: பொறப்புலயே பாதத்தோட அமைப்பு சரியில்லம்மா, அவ்ளோ எடையையும் குதிக்கறதையும் தாங்கற பாதம் இல்ல. ஒடஞ்சது பாதத்து நடுப்பகுதியில இருக்கற நாவிகுலர் எலும்பு, நீங்க படிச்சிருப்பீங்க, அதுக்கு நடுவுல ரத்த ஓட்டம் கம்மி, ஒடஞ்சா லேசுல கூடாது. 1978ல டீம் 50 ஜெயிச்சு 10 தோத்திருந்த நேரத்துல இவரு பாதம் போச்சு. 58 மேட்ச் ஆடியே எம்.வி.பி. குடுத்தாங்கன்னா பாத்துக்கங்க. பிளே ஆஃப்ல வலி தெரியாம இருக்க ஊசி போட்டு எறக்குனாங்க, அதுக்கப்புறம்தான் எலும்பு ஒடஞ்சிருந்தது தெரிஞ்சுது. அடுத்த சீசன் முழுக்க ஆடல, வைத்தியம் பாத்த விதத்துக்காக கேஸ் வரைக்கும் போச்சு. 1979ல சொந்த ஊரு சான் டியாகோ கிளிப்பர்ஸுக்கு போனாரு, அங்கயும் 1980-81, 1981-82 ரெண்டு சீசன் ஒரு மேட்ச் கூட இல்ல. வாழ்நாள்ல 30க்கு மேல ஆபரேஷன், 1990ல கணுக்காலையே அசையாம சேத்து வெச்சாங்க, பின்னாடி முதுகெலும்புலயும் ஆபரேஷன்.

நம்ம பக்கம் பாதி கோர்ட் சிமென்ட் தரை. பையன் பாதத்துல வலின்னு சொன்னா ஸ்ப்ரே அடிச்சு எறக்கி விடற பழக்கம் இன்னும் போகல. செமி ஃபைனலாவே இருக்கட்டும், வலி ஒரு வாரம் தாண்டுச்சுன்னா டாக்டர பாக்கணும், எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலன்னு அதோட விட்டுடவும் கூடாது, ஆரம்பத்துல நாவிகுலர் முறிவு எக்ஸ்ரேல தெரியாமலே போகும். இது உங்களுக்கு தெரியும், கோச்சுங்களுக்கு யாரு சொல்றது, நீங்கதான் சொல்லணும்.

கேள்வி (ரெட்டியார்பாளையம்): சார், என் பையனுக்கு 13 வயசு, திக்குவாய். கிளாஸ்ல எழுந்து படிக்க சொன்னா ஸ்கூலுக்கே போக மாட்டேங்கறான். வால்டனுக்கும் திக்குவாய்னு என் தம்பி சொன்னான். எப்படி சரியாச்சுன்னு விவரமா சொல்லுங்க.

பதில்: அம்மா, இந்த கேள்விக்காகத்தான் நான் இவர பத்தி எழுதவே ஒத்துக்கிட்டேன்.

28 வயசு வரைக்கும் அவரால ஒரு வாக்கியம் தெளிவா பேச முடியாது. காலேஜ் சாம்பியன், என்.பி.ஏ. சாம்பியன், எம்.வி.பி. எல்லாம் ஆனதுக்கு அப்புறமும்தான் சொல்றேன். மைக்க நீட்டுனா ஓடிடுவாரு, பத்திரிகைக்காரங்க திமிர் புடிச்சவன்னு எழுதுவாங்க. பாஸ்கெட் பால் அவருக்கு புடிச்சதுக்கு காரணமே அங்க வாய தொறக்க தேவையில்லங்கறதுதான்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு.

அப்புறம் மார்ட்டி கிளிக்மேன்னு ஒருத்தர ஒரு நிகழ்ச்சியில பாத்தாரு. கிளிக்மேன் யாருன்னா 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க ரிலே டீமுக்காக போன ஓட்டக்காரர், யூதர்ங்கறதால கடைசி நேரத்துல டீம்ல இருந்து தூக்கப்பட்டவரு. அப்புறம் நியூயார்க் ரேடியோவுல பெரிய கமென்டேட்டர் ஆயிட்டாரு. அவரு வால்டன் கிட்ட சொன்னதோட சாரம், பேச்சும் ஒரு திறமைதான், ஷாட் அடிக்க எப்படி பிராக்டீஸ் பண்ணியோ அப்படி இதையும் பண்ணுங்கறது. மெதுவா பேசு, என்ன சொல்லப்போறன்னு யோசிச்சிட்டு ஆரம்பி. தாடை பலமாக சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லு. புக்கு, பேப்பர சத்தம் போட்டு படி. எந்த சத்தம் வரமாட்டேங்குதோ அந்த சத்தம் வர்ற வார்த்தைய எழுதி வெச்சு அதையே திரும்ப திரும்ப சொல்லு. சின்னப் பசங்களுக்கு பாடம் சொல்லிக் குடு.

பேச்சுங்கறது குணம் இல்ல, பழக்கம்னு தெரிஞ்சதும் அந்த மனுஷன் கோர்ட்டுல காட்டுன வெறிய இதுல காட்டுனாரு. 1990கள்ல டி.வி.ல பேசி சம்பாதிக்கற ஆளாவே மாறிட்டாரு. ஆனா முழுசா போயிடுச்சுன்னு அவரு சொன்னதில்ல, கடைசி வரைக்கும் தன்ன திக்குவாய்க்காரன்னு தான் சொல்லிக்கிட்டாரு, தெனம் பயிற்சி பண்ணிட்டுதான் இருந்தாரு.

சூயிங்கம் வாங்கிக் குடுத்துட்டு சும்மா இருந்துடாதீங்கம்மா. அது அவருக்கு ஒருத்தர் சொன்ன டிப்ஸ், மருந்து இல்ல. ஸ்பீச் தெரபிஸ்ட் கிட்ட கூட்டிட்டு போங்க, ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில விசாரிங்க. கிளாஸ் டீச்சர தனியா பாத்து, கொஞ்ச நாளைக்கு எல்லார் முன்னாடியும் எழுப்பி படிக்க சொல்ல வேணாம்னு கேளுங்க. வீட்ல அவன் இழுத்து இழுத்து பேசறப்போ நீங்க வாக்கியத்த முடிச்சுக் குடுக்காதீங்க, முடிக்கற வரைக்கும் காத்திருங்க.

கேள்வி (ஒயிட் டவுன்): அண்ணா, பாரீஸ்ல இருக்கற எங்க சித்தப்பா போரிஸ் தியாவ் ரசிகர். வால்டன் அவர பீத்தோவனோட சேத்து பேசினாராமே?

பதில்: ஆமா, 2006ல. பிரெஞ்சு ஆட்டக்காரர் தியாவ் அப்ப ஃபீனிக்ஸ் சன்ஸ் டீம்ல. அவர பாத்தா எனக்கு பீத்தோவனும் ரொமான்டிக் யுகமும்தான் ஞாபகம் வருதுன்னு ஆரம்பிச்சு, மூணாவது சிம்பொனி வரைக்கும் போயிட்டாரு. தியாவ் நல்ல ப்ளேயர்தான், அதுக்குன்னு பீத்தோவனா! உங்க சித்தப்பா ஒத்துப்பாரு, நான் ஒத்துக்க மாட்டேன்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): ஸ்கோரும் சொல்லல, ஃபவுலும் சொல்லல, சம்பந்தமே இல்லாம பேசறாரு. இதெல்லாம் ஒரு கமென்ட்ரியா மாஸ்டர்? மியூட் போட்டுதான் பாத்தேன்.

பதில்: பாதி நியாயம். ஆனா ஒண்ண புரிஞ்சுக்கணும், அங்க ரெண்டு பேரு உக்காருவாங்க, ஆட்டத்த ஓட்டிட்டு போறவரு ஒருத்தர், கலர் சேக்கறவரு இன்னொருத்தர். ஸ்கோர் சொல்றது மொத ஆளோட வேல. கிளிப்பர்ஸ் மேட்ச்ல ரால்ஃப் லாலர், பின்னாடி காலேஜ் மேட்ச்ல டேவ் பாஷ், ரெண்டு பேரும் இழுத்துப் புடிக்கறதும் இவரு அறுத்துக்கிட்டு ஓடறதும்தான் காமெடியே. ரேடியோவுல இது எடுபடாது. நம்ம அப்துல் ஜப்பார் ஐயா வானொலியில தமிழ்ல கிரிக்கெட் சொன்னப்ப கேட்டவங்களுக்கு தெரியும், பந்து எங்க போச்சுன்னு வார்த்தையிலயே காட்டணும். டி.வி.ல படம் இருக்கு, கொஞ்சம் ஊர் சுத்தலாம்.

1990கள்ல வேலைக்கு வந்த புதுசுல என்.பி.சி. டி.வி.ல ஆட்டத்த நல்லா அலசுவாரு, ஒழுங்கா ஆடாத சென்டர கிழிச்சு தொங்க விடுவாரு, பெரிய ஆளுங்க டங்க் அடிக்காம சொதப்புனா அவரோட புகழ்பெற்ற த்ரோ இட் டவுன் பிக் மேன் (ஓங்கி உள்ள அமுக்குடா பெரிய ஆளே) வந்துடும். 2009ல முதுகு ஆபரேஷனுக்கு முந்தி எழுந்திரிக்கவே முடியாம தரையில கெடந்தாரு, உயிரோட இருக்கணுமான்னு கூட யோசிச்சதா அவரே சொல்லியிருக்காரு. அதுலருந்து மீண்டு 2012ல காலேஜ் மேட்ச்சுக்கு வந்தவருதான் நீங்க ரீல்ஸ்ல பாக்கற ஆளு. வாழைக்கு கீழ்க்கன்னு விட்ட மாதிரி புதுசா ஒரு உசுரு. அதனால எனக்கு அந்த உளறல் புடிக்கும், மியூட் போட மாட்டேன். க்ளோஸ் மேட்ச்ல கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் எனக்கும் கடுப்பாகும்.

கேள்வி (வில்லியனூர்): உயரம் எவ்ளோ?

பதில்: ரெக்கார்டுல 6 அடி 11 அங்குலம். பக்கத்துல நிக்கறவங்கள பாத்தா ஏழுக்கு மேல. ஏழடின்னு போட அவரே விடலன்னு சொல்லுவாங்க.

கேள்வி (அரியாங்குப்பம்): சைவமாமே? அப்புறம் லூக் வால்டன் இவரு பையனா?

பதில்: போர்ட்லேண்ட் காலத்துல சைவம், அதனாலதான் எலும்பு ஒடயுதுன்னு சொன்னவங்களும் உண்டு, பாதத்த பத்தி மேல சொன்னத படிங்க. லூக் அவரு பையன்தான், 2009லயும் 2010லயும் லேக்கர்ஸ்ல சாம்பியன். பேரு வெச்சது போர்ட்லேண்ட் கூட்டாளி மாரிஸ் லூகாஸ் ஞாபகமா. 1977ல ஜெயிச்சதும் வால்டன் ஜெர்சிய கழட்டி கூட்டத்துல எறிஞ்சாரு, லூகாஸ் அதப் பத்தி, என் கையில மாட்டியிருந்தா நான் அத தின்னுருப்பேன்னு சொன்னாரு. ரெண்டு பேருக்கும் அவ்ளோ ஒட்டுதல்.

கேள்வி (கடலூர் முதுநகர்): கிளிப்பர்ஸ்ல இருந்து போஸ்டனுக்கு சும்மாவா அனுப்புனாங்க?

பதில்: சும்மா இல்ல, 1985ல செட்ரிக் மேக்ஸ்வெல்லையும் டிராஃப்ட்ல ஒரு மொத ரவுண்ட் பிக்கையும் (மொத சுத்துல ஆள் எடுக்கற உரிமை) போஸ்டன் குடுத்துச்சு. மேக்ஸ்வெல் லேசுப்பட்ட ஆள் இல்ல, 1981 ஃபைனல்ஸ் எம்.வி.பி. வால்டன் வந்த வருஷம் 80 மேட்ச் ஆடுனாரு, வாழ்க்கையிலயே அதுதான் அதிகம், டீம் 67 ஜெயிச்சுது, சொந்த கோர்ட்டுல தோத்தது ஒண்ணே ஒண்ணு. இதுல வேடிக்கை என்னன்னா அந்த மேக்ஸ்வெல்லும் ஆட்டத்த விட்டப்புறம் மைக்க புடிச்சிட்டாரு, போஸ்டன் ரேடியோவுல பல வருஷமா செல்டிக்ஸ் மேட்ச்சுக்கு பேசறது அவருதான்.