மின்சாரம் நின்ற பிறகும் அடுப்பு எரிய: கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே இருக்கிறது. புயல், வெள்ளக் காலத்துக்கு முதலில் எதை வாங்க வேண்டும்?

பதில்: ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பும், அதற்குரிய சிறிய சிலிண்டரும், தட்டையான அடிப்பாகம் கொண்ட ஒரு பிரஷர் குக்கரும் போதும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும் என்பதால், சிலிண்டரை நிலவறையிலோ மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள். குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள், பியூட்டேன் மட்டும் நிரப்பிய குப்பிகள் 0 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே ஆவியாகத் திணறும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கூடவே தீப்பெட்டியும் வேண்டும். என் அடுப்பின் பற்றவைக்கும் பொத்தான் மின்சாரத்தில் இயங்குவது என்பதே, இருட்டில் பத்து முறை அழுத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டிலிருந்த ஒரே தீப்பெட்டியும் நமத்துப்போயிருந்தது. உரசிய குச்சிகளின் மருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. இப்போது இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இரண்டு பெட்டிகள் எப்போதும் இருக்கின்றன.

கேள்வி: ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டலாமா?

பதில்: கூடாது. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்குவதைப் பலர் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுகிறார்கள். புகை கண்ணுக்குத் தெரியாமல் தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் அடுப்பும் இதே அளவு ஆபத்தானதுதான்.

கேள்வி: எரிபொருள் ஒரு வாரத்துக்கு வர வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். கொதிநிலைக்கு வந்த பிறகு நாம் எரிக்கும் கேஸில் பெரும்பகுதி, பாத்திரம் இழக்கும் சூட்டை ஈடுகட்டவே செலவாகிறது. ஆகவே, பத்து நிமிடம் கொதித்த பாத்திரத்தை மூடியைத் திறக்காமல் இறக்கி, வைக்கோலோ பழைய கம்பளியோ திணித்த பெட்டிக்குள், மேலும் கீழும் பக்கங்களிலும் ஒரு சாண் கனத்துக்குப் பொதிந்து வைத்துவிட்டால், மிச்ச வேலையைச் சூடே பார்த்துக்கொள்ளும். பாத்திரம் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். திறக்கும்போது 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால், மறுபடி கொதிக்கவைத்த பிறகே உண்ண வேண்டும். ராஜ்மாவை மட்டும் ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள். அதிலுள்ள நச்சு மிதமான சூட்டில் அழியாது.

கேள்வி: வைக்கோல் பெட்டியெல்லாம் பழங்கதை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருந்தால் இண்டக்‌ஷனே ஓடுமே?

பதில்: கணக்குப் போடுவோம். பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். எனவே கைக்குக் கிடைப்பது 900. அடுப்பு 1,500 வாட் இழுத்தால் 36 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது.

கேள்வி: நான் சொன்னது லித்தியம் பேட்டரியை.

பதில்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். லித்தியத்தைப் பாதிக்கு மேலும் வற்றவிடலாம் என்பதால், உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 87 வாட்-மணி போதும், இழப்பையும் சேர்த்தால் நூற்றுச் சொச்சம். இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும், விளக்கும் கைபேசியும் அதே பேட்டரியில்தான் பங்கு கேட்கும். அந்த ஒரு லிட்டரைக் கொதித்ததும் பெட்டிக்குள் வைத்தால், உங்கள் பேட்டரியும் கூடுதல் நாள் வரும்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் உணவும் இன்சுலினும் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: கதவைத் திறக்காதவரை உணவு 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரம். இன்சுலினைப் பற்றி மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

கேள்வி: மூடிய பால்கனியில் கரி அடுப்பு வைக்கலாமா?

பதில்: கூரையும் சுவரும் இருந்தால் அதுவும் அறைதான். இரண்டாவது பதிலைப் படிக்கவும்.

கேள்வி: எங்கள் அடுப்படியில் புகைபோக்கி விசிறி உண்டு. அதைப் போட்டுக்கொண்டு கரி மூட்டலாம் அல்லவா?

பதில்: மின்சாரம் இல்லாதபோது அந்த விசிறி எப்படிச் சுற்றும் ஐயா?