ஆக்சிஜன் பாட்டிலில் கேன் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) நோயாளி. ஐந்து நாட்களாக வார்டில் மூக்குக் குழாய் வழியாக ஆக்சிஜன் போகிறது. ஆக்சிஜனை ஈரப்படுத்த, சுவரில் குமிழ் விடும் பாட்டிலில் தண்ணீர் குறைந்தால், அட்டெண்டர் குடிக்கிற கேனிலிருந்தே ஊற்றுகிறார். கேட்டால், "ஆர்.ஓ. தண்ணிதானே, ஒண்ணும் ஆகாது" என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. குடிக்கும் தண்ணீரில் நாலு கிருமி இருந்தாலும் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். நுரையீரலுக்கு அந்த வசதி கிடையாது. ஆர்.ஓ. தண்ணீர் கிருமியே இல்லாத தண்ணீர் என்று நினைப்பதும் தவறு. சுத்திகரிக்கும்போது, கிருமியை அடக்கிவைத்திருந்த குளோரினும் போய்விடுகிறது. பிறகு கேனில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் சாவகாசமாகப் பெருகும்.

தண்ணீரை விடப் பெரிய சிக்கல், பழைய தண்ணீரின் மேலேயே புதிதாக ஊற்றுவது. பாட்டிலின் உட்சுவரில் வழுவழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். அதற்குள் ஒட்டியிருக்கும் கிருமி, மேலே எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அசையாது.

செய்ய வேண்டியது இது: 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவிக் கிருமிநீக்கம் செய்து உலர்த்திய வேறு பாட்டிலை மாட்ட வேண்டும். அதில் சீல் உடைக்காத ஸ்டெரைல் வாட்டரை (கிருமியே இல்லாத தண்ணீர்), பாட்டிலில் போட்டிருக்கும் இரண்டு அளவுக் கோடுகளுக்கு நடுவே ஊற்ற வேண்டும். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஸ்டெரைல் அல்ல. அவசரத்துக்கு அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டியூபில் தேங்கும் நீரைத் திரும்பப் பாட்டிலுக்குள் சாய்க்கக் கூடாது. பாட்டிலை நீங்களே கழற்றவும் வேண்டாம், ஆக்சிஜன் நின்றுவிடும், சிஸ்டரிடம் சொல்லுங்கள். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் வரை போகிறதென்றால் பெரும்பாலும் அந்தப் பாட்டிலே தேவையில்லை. மூக்கு வறண்டு எரியாதவரை தண்ணீர் இல்லாமலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மருந்தை ஆவிபோல மாற்றி மூச்சில் இழுக்கவைக்கும் நெபுலைசரும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் கப்பில் மிஞ்சும் மருந்தைக் கொட்டி, ஸ்டெரைல் வாட்டரில் அலசி, உதறி, காற்றில் உலரவிட வேண்டும். ஈரத்தோடு கவரில் போட்டுக் கட்டிவைத்தால் கழுவியதே வீண்.

வாஷ்பேசினையும் கவனியுங்கள். 2011-12 குளிர்காலத்தில் வட அயர்லாந்தின் பச்சிளங்குழந்தை வார்டுகளில் சூடோமோனாஸ் தொற்றால் 4 குழந்தைகள் இறந்தன. கை கழுவும் குழாய்களின் முனைப் பாகங்களிலேயே அந்தக் கிருமி இருந்தது. நம் வார்டுகளில் மிச்ச டீ, கஞ்சி, குளுக்கோஸ் எல்லாவற்றையும் கை கழுவும் பேசினில்தான் கொட்டுகிறோம். அடியில் இருக்கும் கிருமிக்கு அது விருந்து. குழாயைத் திறந்ததும் அங்கிருந்து தெறிப்பது ஒரு மீட்டர் தூரம்கூட வரும். நெபுலைசர் மாஸ்க், மாத்திரை, தட்டு எதையும் பேசின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

புதிதாகக் காய்ச்சல், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, ஆக்சிஜன் அளவைக் கூட்ட வேண்டிவருவது, இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தக் கிருமி என்று பார்க்கச் சளி கல்ச்சர் எடுப்பார்கள். வீடு திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், மருத்துவமனையில் இருந்ததைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். தண்ணீர்க் குழாய்களில் வளரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவும் நிமோனியா தரும். அதற்கு வழக்கமான செஃப்ட்ரியாக்சோன் ஊசி வேலை செய்யாது; அசித்ரோமைசின் அல்லது லெவோஃப்ளாக்சசின் வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் அந்தக் கிருமியின் முக்கிய வகையைக் கண்டுபிடித்துவிடலாம்.